அயிரையும் அமானிதமும்

மாலை மதரஸா வகுப்பு முடிந்ததும் பெற்றோர் சிலர் மார்க்கச் சந்தேகங்களோடு நம்மிடம் வருவது வழக்கம். ஸகாத், பாகப்பிரிவினை, விடுபட்ட நோன்பின் களா என்று பழகிய கேள்விகளே பெரும்பாலும் வரும். சென்ற மாதம் வந்த சகோதரர் ஒருவர் வாய் திறக்குமுன் தம் கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு மீன். ஆரஞ்சு உடலில் மூன்று கரும்பட்டைகள். உருண்டையான சிறு கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில், ஒரு பிளாஸ்டிக் பூச்செடிக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. "ஹஜ்ரத், மகன் ஆசைப்பட்டான் என்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது நாள் முழுவதும் அதைப் படமெடுத்துக்கொண்டே இருக்கிறான். மீன் வளர்ப்பது வீண் விளையாட்டில் சேருமா? உயிருள்ளதைப் படமெடுப்பது கூடுமா?" என்று இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டார்.

அவர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று அந்தப் படத்திலேயே இருந்தது. அந்தக் கிண்ணத்தில் அந்த மீன் இன்னும் எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதே அது. நாமும் சில ஆண்டுகளாக இவ்வின மீன்களை வீட்டில் வளர்த்து வருகிறோம். படமும் எடுத்து வருகிறோம். (ஓதிக்கொடுக்கும் ஆளுக்கு மீன் தொட்டி எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு, அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.) நம் சமுதாய வீடுகளில் இப்பழக்கம் பெருகிவருவதால், அன்று அவரிடம் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்வது பயன்படும் என்று கருதுகிறோம்.

அவர் காட்டிய மீனைக் கடைகளில் கிளவுன் லோச் என்பார்கள். பெயர் அந்நியமாகத் தோன்றினும் லோச் வகை நமக்குப் புதியதன்று. மதுரை வட்டாரத்தில் குழம்புக்குப் பேர்பெற்ற அயிரையும் இவ்வகையைச் சேர்ந்ததே. வாயைச் சுற்றிச் சிறு மீசைகள், கண்ணுக்குக் கீழே மடிந்து மறைந்திருக்கும் ஒரு முள், நீரின் அடித்தளத்திலேயே கழியும் வாழ்வு ஆகியவை இவற்றின் அடையாளங்கள். அயிரை மணலை வாயில் அள்ளும். உண்ணத்தக்கதை வைத்துக்கொண்டு எஞ்சியதைச் செவுள் வழியே வெளியே விடும். அச்சம் தோன்றினால் மணலுக்குள் புதைந்து கண்களை மட்டும் வெளியே வைத்திருக்கும். இவ்வினத்தில் பல, நீரில் உயிர்வளி குறையும்போது மேற்பரப்புக்கு விரைந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி, குடலின் வழியே அதை உடலில் சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் படைத்தவை. அயிரைக்கு அறிவியல் பெயரிட்டவர் பிரெஞ்சு விலங்கியலாளர் வாலன்சியென்; ஆண்டு 1846. அவர் விவரித்த மீன் இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்தது. அதனாலேயே வெப்பத்தைக் குறிக்கும் 'தெர்மாலிஸ்' என்ற சொல் அதன் பெயரில் இருக்கிறது. வெந்நீரூற்றிலும், வயலின் சேற்றிலும், கண்மாயின் ஓரத்திலும் ஒரே உயிரை வாழவைக்கும் படைப்பாளனின் வல்லமையை எண்ணி வியக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

முதற்கேள்விக்கு வருவோம். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் இளைய தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்துவந்ததும், அது இறந்து அவர் வாடியிருந்தபோது நபிகளார் (ஸல்) அவர்கள் பறவையைப் பற்றிக் கனிவும் விளையாட்டுமாக அவரிடம் விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி. ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து மட்டும் அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனியே எழுதியிருக்கிறார். சிறுவர் உயிரினத்தை வைத்து மகிழ்வதும், அதை அடைத்து வளர்ப்பதும் கூடும் என்பது அறிஞர்கள் இதிலிருந்து பெற்ற சட்டங்களில் அடங்கும். இன்னொரு பக்கம், பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடிக்கொள்ள வெளியேயும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற செய்தியும் அதே தொகுப்புகளில் உண்டு. அங்கே அவள் மீதுள்ள குற்றம் அடைத்து வைத்தது மட்டுமன்று. அடைத்தபின் அதன் தேவையைக் கைவிட்டது. இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் மீன் வளர்ப்பின் சட்டம் தெளிவாகிவிடும். பூனையாவது கத்தும். மீன் கத்தாது. நாம் செய்யும் தவறைச் சொல்லிக்காட்ட அதனிடம் ஒலி இல்லை. நீரின் மேற்பரப்பில் வந்து வாயைத் திறந்து மூடுவதே அதன் முறையீடு.

ஆகவே, வளர்க்கலாமா என்று கேட்பவரிடம் வளர்க்கத் தெரியுமா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். தெரியாமல் வாங்குவதே நம்மிடையே பெருகியுள்ள தவறு. புதிய தொட்டியில் அன்றே மீனை விடுவது அதில் தலையாயது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அதைச் சில நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது பெருமளவு தீங்கற்றது, செடிகளுக்கு உணவு. அந்நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் போதிய அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டி நீரும் செடியுமாகக் காத்திருக்க வேண்டும். கடையில் இதைச் சொல்வோர் குறைவு. சொன்னாலும் குழந்தை கையில் மீன் பையோடு நிற்கும் தந்தை கேட்பதில்லை.

லோச் மீன்களுக்கு இதற்கு மேலும் சில தேவைகள் உண்டு. அவற்றின் செதில்கள் மிக நுண்ணியவை. சிலவற்றுக்குச் செதில் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதனால் நீரிலுள்ள குளோரினும், நோய்க்கு இடும் மருந்தும் மற்ற மீன்களைவிட இவற்றை விரைவில் தாக்கும். வெண்புள்ளி நோய் முதலில் இவற்றையே பிடிக்கும். முழு அளவு மருந்தைக் கண்மூடி ஊற்றினால் நோய்க்கு முன் மருந்தே கொன்றுவிடும். கூர்மையான வண்ணக்கற்களைப் பரப்பினால் மீசைகள் தேய்ந்து புண்ணாகும். எனவே நன்கு கழுவிய மென்மணலே வேண்டும். கண்ணுக்குக் கீழுள்ள முள் வலையில் சிக்கிக்கொள்ளுமாதலால், பிடிக்க நேர்ந்தால் வலையை விட ஒரு குவளையே நல்லது. தனியே வளர்வதை இவை விரும்புவதில்லை. குறைந்தது ஐந்தாறு சேர்ந்திருந்தால்தான் பகலிலும் வெளியே வரும். தனித்து விடப்பட்டது ஒளிந்தே காலம் கழிக்கும். அந்தச் சகோதரரின் மகன் எடுத்த படத்தில் மீன் பூச்செடிக்குப் பின்னால் கிடந்ததன் காரணமும் இதுதான்.

செடிகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. புதிதாக நட்ட செடியை இவை இரவோடு இரவாகத் தோண்டி மிதக்கவிடும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்றவற்றை மரத்துண்டிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மேலே சிறிது மிதக்கும் செடி இருந்தால் ஒளி தணிந்து, மீன்கள் அச்சமின்றி உலாவும். வாரந்தோறும் மாற்றும் கால்பங்கு நீரைச் சாக்கடையில் கொட்டாமல் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறோம். செடிகள் அதில் செழிக்கின்றன, நீரும் வீணாவதில்லை.

பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்யும்போது காலைக் கடித்து விளையாடிய மீன்களை நம் வயதொத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குழாய்கள் வந்தபின் பல ஊர்களில் ஹவுள் மூடப்பட்டுவிட்டது. அதனோடு மீன்களும் போயின. நம் பிள்ளைகளுக்கு மீன் என்றால் தட்டில் இருப்பது, அல்லது திரையில் இருப்பது என்றாகிவிட்டது. வீட்டில் ஒரு தொட்டியை ஒழுங்காகப் பேணுவது அந்த இடைவெளியைச் சிறிதேனும் நிரப்பும் என்பது நம் எண்ணம்.

இரண்டாவது கேள்வி படமெடுத்தல். இதில் ஆலிம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. உருவம் வரைவதைத் தடுக்கும் நபிமொழிகள் நிழற்படத்தையும் உட்கொள்ளும் என்று இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும் அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்துள்ளனர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்களோ, நிழற்படம் என்பது புதிதாக உருவம் படைப்பதன்று, இருக்கும் ஒன்றின் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று வாதிட்டு, அதை அனுமதித்து ஒரு சிறுநூலே எழுதினார். நாம் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்கிறோம். ஆயினும் முதற்கருத்தைப் பேணுவோரை இழிவாகப் பேசுவதை ஏற்கமாட்டோம். நம் வீட்டில் மீன் படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதில்லை. தொட்டியையும் தொழும் இடத்தில் கிப்லாவின் பக்கம் வைக்கவில்லை. கோடுகளும் வேலைப்பாடும் உள்ள போர்வை தொழுகையில் கவனத்தைக் கலைத்ததென்று நபிகளார் (ஸல்) அவர்கள் அதைக் கழற்றித் திருப்பி அனுப்பியிருக்க, அசைந்து திரியும் மீன் நம் கவனத்தை விட்டுவைக்குமா?

படக்கலையைப் பற்றிப் பேசும் நம் மேடைகளில் ஒன்றை அடிக்கடி கேட்கிறோம்: 'கேமரா' என்ற சொல்லே அரபுமொழியிலிருந்து வந்தது என்பார்கள். அது சரியன்று. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. பெருமைப்பட வேண்டியது வேறு. பஸ்ராவில் 965ஆம் ஆண்டில் பிறந்த இப்னுல் ஹைதம், இருண்ட அறைக்குள் சிறு துளைவழி நுழையும் ஒளியை ஆராய்ந்தவர். காற்றிலிருந்து நீருக்கும் கண்ணாடிக்கும் செல்லும் ஒளி வளைவதைத் தம் 'கிதாபுல் மனாழிர்' நூலில் விரிவாக எழுதியவர். தொட்டிமுன் கைபேசியுடன் உட்காரும் மாணவன் அவர் ஆராய்ந்த பொருளையே கையாள்கிறான். லென்ஸைச் சாய்த்துப் பிடித்தால் ஒளி கண்ணாடியிலும் நீரிலும் வளைந்து மீன் மங்கலாகிக் கோணிப்போகும். கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக, முடிந்தவரை ஒட்டிப் பிடித்தால் தெளிவாக வரும். இல்லாத சொல்லாராய்ச்சியைவிட இதைப் பிள்ளைக்குக் காட்டுவது மேல்.

நாம் கற்ற மற்றவற்றையும் சொல்லிவிடுகிறோம். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைக்கவேண்டும்; பாசிப்படலம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் தெரியும். அறை விளக்குகளை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால் நம் முகமும் வெள்ளைத் தொப்பியும் கண்ணாடியில் பிரதிபலிக்காது. (வெள்ளை ஜிப்பாவோடு உட்கார்ந்து எடுத்த நம் முதற்படங்களில் மீனைவிட ஜிப்பாவே தெளிவாக விழுந்திருந்தது.) அயிரை ஓயாது அசைவதால் நூற்றியிருபத்தைந்தில் ஒரு வினாடிக்குக் குறையாத வேகம் தேவை. ஒளி மேலிருந்து வருவதால் வயிற்றுப்பக்கம் இருண்டுவிடும்; வெளிர்நிற மணல் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இருளைத் தணிக்கும். எல்லாவற்றுக்கும் மேலானது பொறுமை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவிட்டுப் பழக்கினால் மஃரிபுக்குச் சற்று முன் அவை தாமாகவே அங்கு வந்து கூடும். கண்ணாடியைத் தட்டியோ, குச்சியால் கிளறியோ வெளியே வரவழைப்பது துன்புறுத்தல். அது நமக்கு அனுமதிக்கப்பட்டதன்று.

இவ்வளவும் தெரிந்த நாமே ஒரு பிழை செய்தோம். அதைச் சொல்லாமல் மற்றவர்க்கு அறிவுரை கூறுவது நேர்மையாகாது. சென்ற ஆண்டு ஓர் இரவு, இஷாவுக்குப் பின், அயிரைகள் மணலிலிருந்து எழுந்து ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. மேலிருந்து கூடுதல் ஒளி தர மூடியைக் கழற்றி ஒரு விளக்கைப் பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தோம். நல்ல படம் ஒன்று அமைந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனோம். மூடியைத் திரும்ப வைக்கவில்லை. லோச் மீன்கள் துள்ளுபவை, சிறு இடைவெளியிலும் வெளியேறுபவை என்பதை நாமே பலருக்குச் சொல்லியிருக்கிறோம். சுப்ஹுக்கு எழுந்த நம் இளைய மகள்தான் முதலில் கண்டாள். "அத்தா, பாய் ஓரத்துல ஏதோ கிடக்கு" என்றாள். காய்ந்து சுருண்டு, ஒரு நூல் துண்டுபோல் கிடந்தது. ஆறில் ஒன்று.

அறியாமல் நேர்ந்ததுதானே என்று சிலர் தேற்றினர். அறியாமை அன்று அது. கவனம் வேறிடத்தில் இருந்தது. உயிர் தொட்டியில் இருக்க, நம் கண் திரையில் இருந்தது. அந்தப் படத்தை நாம் யாருக்கும் அனுப்பவில்லை. நாம் எடுத்தவற்றுள் அதுவே சிறந்த படம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இதனால்தான் பிள்ளைகள் படமெடுப்பதைவிட, எடுத்ததை உடனே ஸ்டேட்டஸில் போடும் வேட்கையே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. பாராட்டு குவியக் குவிய அடுத்த படத்துக்குப் புதிய மீன் தேவைப்படுகிறது. பழையது அலுத்துவிடுகிறது. கொளத்தூர் சந்தையிலோ பக்கத்துக் கடையிலோ வண்ணம் பார்த்து வாங்குகிறார்கள். அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு வளரும் என்று கேட்பதில்லை. அந்தச் சகோதரரின் கிளவுன் லோச் சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் உரியது. இரண்டங்குலத்தில் விற்கப்படும் அது ஓர் அடிவரை வளரக்கூடியது. நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வாங்கிக்கொடுத்த மீன், அவன் நிக்காஹ் நாளிலும் இருக்கவேண்டிய உயிர். கிண்ணத்தில் அது ஒரு மாதம் தாங்கினாலே பெரிது. வரிவரியாக அழகிய தோற்றமுடைய ஜீப்ரா லோச்சோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே வாழ்வது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ளதாக அது வைக்கப்பட்டிருக்கிறது. தாய்ப்பறவையிடமிருந்து குஞ்சுகளை எடுத்துவந்த தோழர்களிடம் அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்ன நபியின் உம்மத்து, ஆற்றில் அருகிவரும் மீனைப் பிடித்துவந்து விற்பதற்கும் வாங்குவதற்கும் துணைபோகலாமா? வளர்க்க ஆசைப்படுவோர் அயிரையையே வளர்க்கலாம். விலை குறைவு, நம் வெப்பத்துக்கும் நம் நீருக்கும் பழகியது, மூன்றடித் தொட்டியில் பத்து மீன்கள் தாராளமாக வாழும். கூலி லோச் எனப்படும் மெல்லிய பாம்புபோன்ற மீனும் சிறு தொட்டிக்குப் பொருந்தும். (கூலி வாங்கும் மீனா என்று ஒரு மாணவன் கேட்டான். ஜாவாவில் 1821இல் இறந்த கூல் என்ற ஜெர்மானிய இயற்கையறிஞரின் பெயர் அது.)

அயிரையை வளர்ப்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதே மீன் நம் வீட்டில் குழம்பாகவும் ஆகிறது. இதையும் நம் மகளே கேட்டாள்: "தொட்டியில இருக்கிறதுக்கு மட்டும் ஏன் சோறு போடுறோம்?" அல்லாஹ் நீரிலிருந்து நமக்குப் புதிய இறைச்சியை ஆகுமாக்கியிருக்கிறான், அதில் ஐயமில்லை என்று சொன்னோம். ஆனால் சொல்லும்போதே சந்தையிலிருந்து உயிரோடு வாங்கிவரும் அயிரையை நம் வட்டாரத்தில் என்ன செய்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. மண்ணைக் கக்குவதற்காகப் பாலில் விடுகிறோம்; உயிர் இருக்கும்போதே கல்லுப்புப் போட்டுச் சட்டியில் உரசுகிறோம். மீனுக்கு அறுப்பு இல்லை என்பது சட்டம். எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ளட்டும் என்னும் கருத்துள்ள நபிமொழியும் சட்டத்தின் பகுதியே. நீரிலிருந்து எடுத்து உயிர் அடங்கியபின் உப்பிட்டு உரசினால் குழம்பின் சுவை எள்ளளவும் குறைவதில்லை. நம் வீட்டில் இப்போது அவ்வாறே செய்கிறோம். இரண்டு ஆண்டுகள் அயிரையின் முகத்தை லென்ஸ் வழியே பார்த்திராவிட்டால் இது நமக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. மீன் வளர்ப்பை வீண் விளையாட்டு என்று ஒதுக்கும் நண்பர்களுக்கு நாம் தரும் விடை இதுவே.

பெற்றோர்க்கு இன்னும் ஒன்று. வளர்ந்துவிட்ட மீனை இரக்கப்பட்டுக் கண்மாயிலோ ஆற்றிலோ விடுதல் நன்மையன்று. அயல்நாட்டு மீன் அங்குள்ளவற்றின் உணவையும் இடத்தையும் பறிக்கும், நோயையும் கொண்டுசேர்க்கும். பெரிய தொட்டி உள்ளவருக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடுவதே முறை.

அந்தச் சகோதரரிடம் கிளவுன் லோச்சைக் கடையில் திருப்பிக்கொடுத்துவிடுமாறு சொன்னோம். மகன் அழுவானே என்று தயங்கினார். பின்னர் மகனையே அழைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றடித் தொட்டி வாங்கி, மணல் பரப்பி, மூடிக்குத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறார். பையன் தினமும் மாலையில் நம்மிடம் வந்து நாளை எண்ணிச் சொல்கிறான். நான்காவது வாரம் நடக்கிறது. தொட்டியில் இன்னும் மீன் இல்லை. ஜாவா ஃபெர்னில் புதிதாக வந்த ஓர் இலையை மட்டும் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டினான்.